ஓன் டின்னின் நிலவறை

சிண்ட்வின் ஆற்றங்கரையில் எங்கள் ஊர். மரத்தைக் கடைந்து, செதுக்கி, அரக்குப் பூசிக் கிண்ணமும் வெற்றிலைப் பெட்டியும் செய்வாள் எங்கள் பக்கத்து வீட்டு ஓன் டின். அவள் தம்பி நியோ டுன்னுக்கு அந்தத் தொழில் ஒத்துக்கொள்ளவில்லை. அரக்கு மரத்தின் பால் பக்கத்தில் போனாலே உடம்பு தடித்துவிடும். அதனால்தான் படித்து, நகரத்தில் வாத்தியாரானான்.

எண்பத்தெட்டில் ராணுவ ஆட்சியை எதிர்த்து ஊர்வலம் போனவன், ஒரு மத்தியானம் அவள் வீட்டுக்குள் ஓடிவந்தான். தெருமுனையில் சிப்பாய்களின் வண்டி நின்றது. பூசிய சாமான்களை உலரவைக்கும் நிலவறையைத் தவிர ஒளிய இடமில்லை.

“அங்கேயா அக்கா? செத்துடுவேன்.”

“அரிப்புல எவனும் சாகலை. இறங்குடா!”

அவன் இறங்கியதும் அன்று பூசிய கிண்ணங்களைப் படி நெடுக நெருக்கி அடுக்கினாள்.

சிப்பாய்களின் கார்ப்பரல் நிலவறைப் படிவாசலுக்கு வந்துவிட்டான்.

“கீழ என்ன?”

“ஈரச் சாமான். தொடாதீங்க, வீங்கிடும்.”

“யார்கிட்ட கதை விடற?” என்று ஒரு கிண்ணத்தை எடுத்தான். உள்ளங்கையில் கறுப்பு அப்பிக்கொண்டது.

கீழே ஒரு தும்மல் எழுந்தால் போதும், எல்லாம் முடிந்தது. ஓன் டின் “ஐயோ, என் உழைப்பெல்லாம் போச்சே!” என்று கூப்பாடு போட்டபடி அவன் கையை இழுத்து எண்ணெய் விட்டுத் தேய்த்தாள். அவன் முகத்தைச் சுளித்துக்கொண்டு வெளியேறினான்.

மறுநாள் காலை தம்பியைப் பார்த்து அவளே பதறிப்போனாள். வீக்கத்தில் கண் இரண்டும் புதைந்து, உதடு தொங்கி, ஆளே மாறியிருந்தான். அழப்போனவள் நிறுத்திக்கொண்டாள். இந்த முகத்தை யாருக்கு அடையாளம் தெரியும்? கையைப் பிடித்து நேரே படகுத் துறைக்கு நடத்திப் போனாள்.

துறையில் காவல் நின்றதும் அதே கார்ப்பரல்தான். ஒரு கையில் நியோ டுன்னின் புகைப்படம். இன்னொரு கை மணிக்கட்டுவரை புடைத்திருந்தது. படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

“யாரு இவன்?”

“என் வேலையாள். மரப்பால் மூஞ்சில தெறிச்சிடுச்சு. அக்கரையில வைத்தியர் இருக்காரு.”

கார்ப்பரல் குரலைத் தாழ்த்தினான். “இது எப்பத்தான் அடங்கும், அக்கா? ராத்திரி பூரா தூக்கமில்லை.”

“சொறியாம இருங்க, அடங்கிடும்.”

“சரி, போங்க. அவனைத் தள்ளியே உட்கார வை.”

படகு நடு ஆற்றுக்குப் போன பிறகுதான் தம்பியின் கையை விட்டாள்.

அக்கரையிலிருந்து அவன் எல்லை தாண்டினான். அடுத்த புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவுக்கு முன் ஒரு துணி வியாபாரி வந்து, அவன் அங்கே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருவதாகச் சொல்லிப் போனார். அன்று ஓன் டின் தெருவுக்கே மீன் குழம்பில் சேமியா போட்ட மொகிங்கா சமைத்துப் போட்டாள். என்ன விசேஷம் என்று கேட்டவர்களுக்கு இன்னொரு கரண்டி ஊற்றினாள்.