கேஜ் கணக்கு

நான் ஆறாவதோடு நின்றவள். தினம் ரயிலில் பெங்களூருக்குப் போய்த் துணி தைக்கிறேன். நீளமாக எழுத எனக்கு வராது. கூட்டல், கழித்தல், சமம் போட்டுத்தான் கவிதை எழுதுவேன். சுரங்கத்து ஆட்களுக்குக் கட்டின வீட்டு வரிசைதான் எங்கள் லைன்; அங்கே தொழிலாளர் சங்க ஆபீசுக்கு வெளியே ஒரு கரும்பலகை உண்டு. அதில் எழுதுவேன்.

முதலில் இதை எழுதினேன்:

அப்பா − சுரங்கம் = இருமல்

“இன்னா தங்கச்சி, டியூஷன் ஆரம்பிச்சிட்டியா?” என்றார் இஸ்திரி போடும் பக்கத்து வீட்டு அக்கா. நானும் சிரித்தேன்.

சங்கத்து ஆண்டு விழாவுக்கு முந்தின நாள் எழுதினது இது:

கேஜில் இறங்கினவர்கள் − கேஜில் ஏறினவர்கள் = எங்கள் தெரு விதவைகள்

சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கி ஏற்றும் இரும்புக் கூண்டுதான் கேஜ். சுரங்கம் ஓடின காலத்தில் ஷிப்ட் முடிந்ததும் ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்த டோக்கனை எண்ணி, யார் மேலே வரவில்லை என்று பார்ப்பார்கள். அந்தக் கணக்கு இங்கே எல்லோருக்கும் தெரியும்.

சங்கச் செயலாளர் வந்து படித்தார்.

“இது கவிதையே இல்லம்மா. நாளைக்குப் பெரிய மனுஷங்க வராங்க. கடைசியில விதவைகளை எடுத்துட்டு தியாகம்னு போடு.”

“போட மாட்டேன் சார். கணக்கு தப்பாயிடும்.”

அவரே அழித்தார். சாக்பீசையும் எடுத்துக்கொண்டு போனார்.

அக்கா புருஷனும் மேலே வராதவர்தான். அக்கா இஸ்திரிப் பெட்டியைத் திறந்து, ஆறின கரி ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தார்.

ரோட்டைப் பார்த்த என் வீட்டுச் சுவரில் அதையே பெரிசாக எழுதினேன். விழாவுக்கு வந்தவர்கள் அதைத் தாண்டித்தான் போனார்கள். மழை அழித்தால் மறுபடி எழுதுவேன். அக்காவிடம் கரி இருக்கிறது.