ஏரி வரைக்கும் ஏழு சட்டை

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தின் வருகைப் பதிவேட்டில் தேடினால் அவருடைய பெயர் கிடைக்கும். ஆனால் இருபத்திரண்டு வருடமாக யாரும் தேடியதில்லை. எல்லோருக்கும் அவர் போர்வைக்காரர். போர்வை துவைப்பதால் வந்த பெயர் என்று புதிதாகச் சேர்ந்தவர்கள் நினைத்துக்கொள்வார்கள். முதல் பனி விழுந்த காலையில், கதவைத் திறந்துகொண்டு ஒரு துணி மூட்டை தானாக நடந்து வருவதைப் பார்த்ததும் விஷயம் விளங்கிவிடும்.

அவர் ஒல்லியான மனிதர். குளிர்காலத்தில் அது அவருக்கும் குளியலறைக் கண்ணாடிக்கும் மட்டும் தெரிந்த ரகசியம். இரண்டு பருத்தி பனியன், அதன்மேல் தடித்த பருத்திச் சட்டை, கையில்லாத ஸ்வெட்டர், அம்மா பின்னிய முழுக்கை ஸ்வெட்டர், பஞ்சு வைத்துத் தைத்த கோட்டு, எல்லாவற்றையும் மூடி ஒரு மழைக்கோட்டு. மொத்தம் ஏழு. கையை முழுதாக மடக்க முடியாததால் மூக்கு அரித்தால் கதவு நிலையில் தேய்த்துக்கொள்வார்.

இதற்கெல்லாம் காரணம் அவருடைய அம்மா. குறை சொல்லிப் பயனில்லை. இவருக்கு முன்னால் பிறந்த இரண்டு பிள்ளைகளையும் அந்த அம்மா குளிர்காலக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்திருந்தார். மூன்றாவதாக இவர் பிறந்ததும், குளிரை இவன் பக்கம் அண்ட விடமாட்டேன் என்று கங்கணம் கட்டிக்கொண்டார். ஒன்றன்மேல் ஒன்றாகச் சட்டை மாட்டி, காதைக் கட்டி, பையனின் மூக்கு நுனி மட்டும் மிஞ்சினால் அதையும் என்ன செய்யலாம் என்று ஒரு நிமிடம் யோசிப்பார். தெருப்பிள்ளைகள் பனியில் உருண்டு புரளும்போது இவர் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்று, கண்ணாடியில் மூச்சுவிட்டுப் படம் வரைந்துகொண்டிருப்பார். பனியைத் தொட்டதே இல்லையா என்று கேட்டால், தொட்டிருக்கிறார். கையுறையோடு.

அம்மா போய்ப் பதினான்கு மாதமாகிறது. காலையில் அலமாரியைத் திறந்தால் இன்னும் அந்தக் குரல்தான் முதலில் வெளியே வரும். "இன்னொண்ணு போட்டுக்கோடா. போட்டா குறைஞ்சா போயிடுவே?" போட்டுக்கொள்வார். போடாமல் போனால், திரும்பிவந்து கேட்க முடியாத ஒருத்தரை ஏமாற்றுவதாக இருக்கும் என்று அவருக்கு உண்மையாகவே தோன்றியது.

வேலையும் அம்மா மனம் குளிரும்படியான வேலை, வெதுவெதுப்பான வேலை. சலவைக்கூடத்தில் எப்போதும் ஆவி. எட்டு டிரையர்கள் வரிசையாகச் சுற்றிக்கொண்டிருக்கும். எந்தத் துணி எத்தனை நிமிடத்தில் காயும் என்று கையை வைத்தே சொல்லிவிடுவார். டாக்டர்களின் பாலியஸ்டர் கோட்டு பதினைந்து, கம்பளி இருபத்தைந்து, பருத்தி விரிப்பு நாற்பது. மதியத்துக்கு மேல் இயந்திரச் சத்தம் ஒரே சீராகிவிடும். விரிப்புகளை மடித்து அடுக்கிக்கொண்டே இருப்பார். வெள்ளைக்கு மேல் வெள்ளை, அதற்கும் மேல் வெள்ளை. கொஞ்ச நேரத்தில் அறையின் சுவர்கள் விலகிப்போகும். அவர் ஒரு பெரிய வெண்மையில் நடந்துகொண்டிருப்பார், பக்கத்தில் இன்னொரு ஆளின் காலடிச் சத்தமும் கேட்கும். அந்த ஆள் யார் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

டிரைவரம்மாதான். காலை ஏழு இருபது பஸ்ஸை ஓட்டுகிறவர். நாற்பத்துமூன்று வயது, தனிக்கட்டை, குரல் மட்டும் ஒரு குடும்பத்துக்கே போதும். ஆறு வருடமாகப் போர்வைக்காரர் அந்தப் படியில் திக்கித் திணறி ஏறும்வரை கதவை மூடாமல் காத்திருந்து, ஏறியதும் ஒரே ஒரு கேள்வி கேட்பார். "இன்னைக்கு எத்தனை சார்?"

"ஆறுங்க." பெரிய குளிராக இருந்தால், "ஏழு."

பஸ்ஸே சிரிக்கும். அவரும் சிரித்துக்கொண்டே போய் ஜன்னலோரம் உட்காருவார். ஒன்று கவனிக்க வேண்டும். சலவைக்கூடத்துப் பெண்கள், நர்சுகள், எதிர்வீட்டுக்காரி என்று உலகத்துப் பெண்கள் அத்தனை பேரும் அவரை அண்ணா, அண்ணே என்று கூப்பிட்டுக் கணக்கை முடித்துவிட்டிருந்தார்கள். இந்த ஒரு வாய் மட்டும் ஆறு வருடத்தில் ஒருமுறைகூட அப்படிக் கூப்பிடவில்லை. அந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டுதான் மனிதர் காலம் தள்ளிக்கொண்டிருந்தார்.

டிரைவரம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் நாலைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு பனியில் நடக்கப் போவார். இந்த வருடம் ஏரி நன்றாக உறைந்துவிட்டது என்று பஸ்ஸில் சொல்லிக்கொண்டிருந்தவர், கண்ணாடியில் இவரைப் பார்த்து, "நீங்களும் வாங்களேன் சார். ஒருநாளாவது வெளியே வாங்க" என்றார். இறங்கும்போது போர்வைக்காரர் தலையாட்டிவிட்டார். பிறகு நாள் முழுக்க அவருக்குக் கை ஓடவில்லை. ஏரி வரைக்கும் நடந்துவிட வேண்டும், அங்கே வைத்துக் கேட்டுவிட வேண்டும் என்று தீர்மானித்தார். நாற்பத்தாறு வயதில் இதுவும் இல்லையென்றால் இனி எதுவுமில்லை. என்ன கேட்பது என்பதை விரிப்புகளுக்கு மூன்று நாள் சொல்லிப் பார்த்தார்.

ஞாயிறு காலை மலையடிவாரத்தில் ஆறு பேர் கூடினார்கள். தபால்காரர், பல் டாக்டர், அவர் மனைவி, பள்ளி மணி அடிப்பவர், டிரைவரம்மா, நம் போர்வைக்காரர். டிரைவரம்மா ஒவ்வொருவரையும் நிறுத்திவைத்துச் சோதித்தார்.

"தோலை ஒட்டி இருக்கிறது வேர்வையை வெளியே தள்ளணும். நடுவுல இருக்கிறது சூட்டைப் பிடிச்சு வைக்கணும். மேல இருக்கிறது காத்தைத் தடுக்கணும். மூணு வேலைக்கு மூணு துணி போதும். நிக்கறப்போ லேசா குளிரணும். இங்கயே கதகதன்னு இருந்தா ஒண்ணைக் கழட்டிடுங்க." இவர் முன்னால் வந்ததும் இடுப்பில் கை வைத்தார். "எத்தனை?"

"மூணு" என்றார் போர்வைக்காரர். வாழ்க்கையிலேயே அவர் டிரைவரம்மாவிடம் சொன்ன முதல் பொய்.

"மூணுக்கு இவ்வளவு சுத்தளவா?"

பஞ்சுக்கோட்டை மட்டும் கழற்றிப் பையில் திணித்தார். மழைக்கோட்டை மறுபடி மாட்டிக் கழுத்துவரை பட்டன் போட்டுக்கொண்டார். டிரைவரம்மா ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு நடக்கத் தொடங்கினார்.

முதல் அரைமணி நேரம் அவர் சொர்க்கத்தில் இருந்தார். பனி சத்தத்தையெல்லாம் விழுங்கிவிட்டிருந்தது. பேச்சுகூடப் பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல மெதுவாகக் கேட்டது. மரங்கள் தோள் வரைக்கும் வெள்ளையில் நின்றன. எங்கிருந்தோ ஒரு கிளை தன் சுமையை இறக்கிவைக்க, தூள் பனி வெயிலில் மெல்ல மெல்ல இறங்கியது. அவர் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டே நடந்தார். பக்கத்தில் காலடிச் சத்தம் கேட்டது. திரும்பினால் டிரைவரம்மா. இது மதியமா, விரிப்பு மடித்துக்கொண்டிருக்கிறோமா என்று அவருக்கு ஒரு கணம் குழம்பியே போயிற்று.

ஏற்றம் வந்ததும் முதுகில் வேர்வை ஓடியது. மழைக்கோட்டு ஒரு சொட்டைக்கூட வெளியே விடவில்லை. கழற்றலாம் என்று கை பட்டனுக்குப் போகும். அம்மா கையைத் தட்டிவிடுவார். இன்னும் கொஞ்ச தூரம்தானே என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினார்.

ஏரி வந்தது. கரையில் படகு வைக்கும் மரக்கொட்டகை ஒன்று. அதற்கு அப்பால் கண்ணுக்கெட்டியவரை ஒரு கோடு இல்லை, ஒரு மடிப்பு இல்லை. இங்கேதான் கேட்க வேண்டும். போர்வைக்காரர் வாயைத் திறந்தார். வாயிலிருந்து வார்த்தைக்குப் பதிலாகப் பற்கள் தந்தியடிக்கும் சத்தம் வந்தது.

நின்றதும் சூடு போய்விட்டது, ஈரம் மட்டும் தங்கிவிட்டது. இரண்டு நிமிடத்தில் உதடு நீலமானது, கால் துவண்டது. டிரைவரம்மா அவரைத் தாங்கிப் பிடித்துக் கொட்டகையின் காற்றில்லாத பக்கத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். "தபால்காரரே, பிளாஸ்கைத் திறங்க. சார், மேல இருக்கிறதெல்லாம் கழட்டுங்க."

"எ... எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும். வெக்கப்படறதுக்கு இதுவா நேரம்?"

அவர் விரல்கள் வேலை செய்யாததால் டிரைவரம்மாவே கழற்றினார். மழைக்கோட்டின் உள்பக்கம் சொட்டியது. "ஒண்ணு" என்று எண்ணினார். அடுத்தது அம்மா பின்னிய ஸ்வெட்டர். போர்வைக்காரர் அதன் ஓரத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"இது அம்மா பின்னினது."

"ஈரமா இருக்கு சார்."

"அம்மா பின்னினது" என்றார் மறுபடியும்.

டிரைவரம்மா பிடுங்கவில்லை. "நல்லாத்தான் பின்னியிருக்காங்க. ஆனா இப்போ இது உங்களைக் கொன்னுடும்." பிறகு கேட்டார்: "சலவைக்கூடத்துலதானே இருக்கீங்க? உள்ளே போட்டிருக்கீங்களே, அந்தப் பருத்தி காய எவ்வளவு நேரமாகும்?"

"டிரையர்லயா? நாப்பது நிமிஷம்."

"இங்க டிரையர் இருக்கா?"

அவர் உறைந்த ஏரியை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். "இல்லைங்க."

இருபத்திரண்டு வருடம் ஊராரின் துணியைக் காயவைத்தவர் தன் முதுகைப் பற்றி ஒருநாளும் யோசித்ததில்லை. பிடியை விட்டார். "ரெண்டு, மூணு, நாலு..." மரியாதைக்குத் திரும்பி நின்ற பல் டாக்டரின் தோள் சிரிப்பில் குலுங்கியது. "ஆறு. என்கிட்டயே மூணுன்னு சொன்னீங்க!" டிரைவரம்மா துண்டால் அவர் முதுகைப் பரபரவென்று துடைத்துவிட்டு, தன் பையிலிருந்து காய்ந்த கம்பளி உள்சட்டை ஒன்றை எடுத்து நீட்டினார்.

போர்வைக்காரர் வாங்கவில்லை. "ஒரே ஒரு நிமிஷம்" என்றார்.

குளிர் அவரைத் தொட்டுக்கொண்டிருந்தது. தோளில், விலாவில், கழுத்துக்குக் கீழே யாரும் பார்த்திராத அந்தக் குழியில். வலித்தது. ஆனாலும் அவருக்குத் தன் உடம்பு எங்கே முடிகிறது, உலகம் எங்கே தொடங்குகிறது என்று முதல்முறையாகத் தெரிந்தது. கொட்டகைக் கூரையிலிருந்து ஒரு பொட்டுப் பனி வந்து அவர் தோளில் உட்கார்ந்து, கரைந்து, வழிந்தது. வானம் அவ்வளவு பக்கத்தில் இருந்தது. இப்படியே நின்றுகொண்டிருக்கலாம் போலிருந்தது.

"எங்கம்மா ராத்திரி பகலா பயந்தது இதுக்குத்தாங்க" என்றார். "இதுக்குத்தான். எனக்கு ஒண்ணும் ஆகல, பாருங்க." சொல்லிக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்துவிட்டது. அம்மாவை அடக்கம் செய்த அன்றுகூட வராத அழுகை. தன்னால் அந்த அம்மா எத்தனை ஆயிரம் நாள் நிம்மதியில்லாமல் இருந்திருக்கிறார் என்று நினைக்க அவருக்குத் தாங்கவில்லை.

"போதும், கையைத் தூக்குங்க" என்று டிரைவரம்மா சட்டையைத் தலைவழியாக மாட்டினார். கம்பளியின் இருட்டுக்குள் தலை இருந்தது. யார் முகமும் தெரியவில்லை. இதைவிட்டால் ஆகாது என்று போர்வைக்காரருக்குத் தோன்றிவிட்டது. மூன்று நாள் பயிற்சியெல்லாம் மறந்துபோய், உள்ளேயிருந்தே கேட்டார்: "என்னைக் கட்டிக்குவீங்களா?"

தபால்காரர் பிளாஸ்க் மூடியைக் கீழே போட்டார்.

"முதல்ல தலையை வெளியே விடுங்க" என்றது டிரைவரம்மாவின் குரல். "சட்டைக்கா பதில் சொல்றது?"

தலை வெளியே வந்தது. முடியெல்லாம் நட்டுக்கொண்டு நின்றது. டிரைவரம்மா சிரிக்கவில்லை. தான் போட்டிருந்த நடுச் சட்டையைக் கழற்றி இவருக்கு மாட்டி, இவர் பையிலிருந்த பஞ்சுக்கோட்டையும் மேலே போட்டுவிட்டு, ஜிப்பை இழுத்துக்கொண்டே பேசினார்.

"எனக்கு ஒருத்தருக்கு அம்மாவா இருக்கப் பொறுமை கிடையாது. காலையில அலமாரி முன்னாடி நின்னு அதைப் போடு, இதைப் போடுன்னு சொல்ல மாட்டேன். நீங்க இருமினா பதறவும் மாட்டேன், கஷாயம் வச்சுக் குடிச்சுக்குங்கன்னு சொல்லிட்டு பஸ் எடுக்கப் போயிடுவேன். அப்படி ஒருத்தி கூட இருக்க முடியுமா உங்களால?"

அவர் நேர்மையானவர், யோசித்துத்தான் பார்த்தார். குளிர்காலக் காலைகள் எத்தனையோ வரும், கேட்க ஆளில்லாத வீட்டில் தானே பார்த்து, தானே போட்டுக்கொண்டு கிளம்ப வேண்டியிருக்கும். அம்மாவுக்கு இதைவிடப் பெரிய துரோகம் கிடையாது என்று ஒரு பக்கம் நெஞ்சு அடித்துக்கொண்டது. அம்மா இருந்திருந்தால் இந்த மனுஷியைத் தேடிப்பிடித்துக் கட்டிவைத்திருப்பார் என்று இன்னொரு பக்கம் சொன்னது.

"முடியும்ங்க" என்றார்.

"அப்போ சரி. ஷூ கயிறைக் கட்டுங்க, அவங்கெல்லாம் ஏரி மேல இறங்கிட்டாங்க."