கண்டெய்னருக்குள் திமிசுச் சத்தம்

என் நினைவை நானே முழுதாக நம்புவதில்லை. சில நாள் எல்லாம் என் கற்பனையோ என்று தோன்றும். ஆனால் நேரங்கள் தப்பாது. கைப்பேசியில் பார்த்தவை. நடந்தது உண்மை.

பிழைக்க வந்த நாட்டில், விரி என்ற புறநகரில் எங்கள் கிடங்கு. பெய்ஜிங்கின் பண்டைய வரலாறு பற்றிய கண்காட்சிக்காக ஒரு கண்டெய்னர் வந்திருந்தது. மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் யென் அரசின் தலைநகரம் அங்கே இருந்தது. பலகைகளுக்கு நடுவே மண்ணைக் கொட்டி, அடுக்கடுக்காகத் திமிசுக்கட்டையால் குத்தி இறுக்கி மதில் எழுப்பினார்கள். அதைப் படித்திருந்தேன். கட்டும்போது எத்தனை பேர் செத்தார்கள் என்று புத்தகத்தில் இல்லை.

'மதில் துண்டு' என்று எழுதிய பெட்டியைக் கடைசியாக இறக்கினோம். பகல் 2.40. காலிக் கண்டெய்னரின் உள்மூலையில் மஞ்சள் மண் குவிந்திருந்தது.

வெளிநாட்டு மண்ணைக் கண்டால் தொடக் கூடாது. பூச்சி, நோய் வராமல் தடுக்கும் அதிகாரிகளுக்குச் சொல்ல வேண்டும். ஆனால் என்னோடு வேலை செய்யும் சுலக்ஷன் காலையிலேயே, திறந்து பார்க்காமல், 'சுத்தம்' என்று கையெழுத்துப் போட்டிருந்தான். தெரிந்தால் வேலை போகும். கூடவே விசாவும்.

"அண்ணை, நீங்கள் ஒண்டும் காணேல்லை, என்ன?"

"கண்ணு தெரியுதேப்பா."

"புத்தகம் படிக்கிற ஆக்களோட கதைச்சு வெல்லேலாது." சிரித்தான். பிறகு சிரிக்கவில்லை. "சோபனாவுக்கு ஏழு மாசம், அண்ணை."

சோபனா அவன் மனைவி. துடைப்பத்தை எடுத்து அவன் கையில் கொடுத்தேன்.

"ஆரும் பாத்திடுவினம். கதவைச் சாத்துங்கோ."

சாத்தினேன். பூட்டவில்லை.

2.52. சர்... சர்... பெருக்கும் சத்தம்.

2.55. சத்தம் மாறியது.

தொம்... தொம்...

பல பேர், ஒரே தாளத்தில்.

"அண்ணை, வெளியால ஆர் குத்துறது?"

"நீ இல்லையா?"

"இல்லை... மண் கூடுது, அண்ணை."

கதவை இழுத்தேன். அசையவில்லை.

தொம்...

"அண்ணை..."

தொம்...

நின்றது.

3.01. கதவு தானாகத் திறந்தது.

மூலையில் நிமிர்ந்து நின்றிருந்தான். கண்கள் திறந்திருந்தன. தரையில் ஒரு துகள் மண்கூட இல்லை.

பிரேதப் பரிசோதனையில் தெரிந்தது. தொண்டையிலிருந்து நுரையீரல் வரை மஞ்சள் மண். அடுக்கடுக்காக இறுகியிருந்தது. கண்காட்சிக்காரர்கள் இன்னொன்றும் சொன்னார்கள். அந்த மதில் துண்டு ஃபைபரில் செய்த நகலாம். அவர்கள் அனுப்பிய எதிலும் மண்ணே கிடையாதாம்.

துடைப்பத்தைக் கொடுத்தது யார் என்று விசாரணையில் கேட்டார்கள். நான் வாய் திறக்கவில்லை.

சுலக்ஷனை இங்கேயே எரித்தார்கள். சோபனா வவுனியாவுக்குத் திரும்பிப் போனாள். பெண் குழந்தை. எனக்குப் போன மாதம் நிரந்தர விசா கிடைத்தது.