ஜன்னல் வழியே போன சுறா

பொம்மைக்காரி வீடு எது என்று கேட்டால் அந்தத் தெருவில் யார் வேண்டுமானாலும் கை காட்டுவார்கள். கடல்வாழ் உயிரினக் காட்சிக்கூடத்தில் பெயர்ப்பலகைகளுக்கு வண்ணம் அடிக்கத்தான் அவள் முதலில் சேர்ந்தாள். பிறகு உடைந்த மாதிரிகளைச் சரிசெய்யும் வேலை வந்தது: ஆமைக்கு ஒரு கால், நண்டுக்கு ஒரு கொடுக்கு. எல்லாம் வேறு யாரோ செய்த உருவங்கள். முழுசாக ஒன்றைச் செய்யும்படி அவளிடம் ஒப்படைத்தது வரிச்சுறாவைத்தான். புதிய கூடத்தின் நடுவில், வருகிறவர்கள் தடவிப் பார்க்கும்படி வைக்கப்போகிற சுறா.

காட்சிக்கூடப் பட்டறையில் இடமில்லாததால் அது வீட்டின் முன்னறையில் வளர்ந்தது. கம்பிக்கூடு, அதன்மேல் கண்ணாடியிழை, அதன்மேல் பசை. நாற்றம் தாங்காமல் கணவன் தட்டைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போய்விடுவான். ஐம்பதை நெருங்கியும் தெருவுக்கு அவன் 'சின்னவர்'.

"வரிச்சுறான்னு சொல்ற, உடம்பெல்லாம் புள்ளி வைக்கிற?"

"குட்டியிலதான் வரி. வளர வளர அது உடைஞ்சு புள்ளியாயிடும். பேரு மட்டும் ஒட்டிக்கிச்சு. ஏன், இந்த வீட்டுல ஒருத்தர் இன்னும் சின்னவரா இல்லையா?"

மாமனார் சட்டென்று செய்தித்தாளை முகத்துக்கு நேராக உயர்த்திக்கொண்டார். தாள் குலுங்கியது. கொத்தனாராக இருந்து ஓய்ந்தவர் அவர். அந்த வீடு அவர் கையால் எழும்பியது. முன்னறைச் சுவரில் நாள்காட்டி மாட்ட ஓர் ஆணி அடிக்கக்கூட விடமாட்டார். தெருவைப் பார்த்த பெரிய ஜன்னலை ரசமட்டம் வைத்து அவரே பதித்தார். மருமகளின் வேலையைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. சுறாவை "உன் விருந்தாளி" என்பார்.

தொடங்கும் முன் அவள் வாசலை அளந்துதான் வைத்திருந்தாள். இந்தச் சுறாவுக்கு வால் ஏறக்குறைய உடம்பளவு நீளம். இருந்தாலும் நேராகப் பிடித்தால் வெளியே போய்விடும் என்று கணக்கு. ஆனால் சாப்பாட்டு இடைவேளைகளில் காட்சிக்கூடத் தொட்டியின் முன் போய் நின்றபோது அந்தக் கணக்கு ஆட்டம் கண்டது. உயிருள்ளது ஒன்று பவளப்பாறையை ஒட்டிய மணலில், நீரோட்டத்துக்கு எதிரே வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்தது. உடம்பு ஒருபுறம் வளைந்திருக்க, வால் மறுபுறம் திரும்பிக் கிடந்தது. பகலெல்லாம் அப்படித்தான். இருட்டினால் பாறை இடுக்குகளில் வளைந்து நுழைந்து சிப்பியும் நண்டும் தேடும். அவள் வீட்டில் செய்து வைத்திருந்ததோ உலக்கைபோல நேராக இருந்தது.

வீட்டுக்கு வந்தவள் கம்பிக்கூட்டை அறுத்து வளைத்தாள். மூக்கோரத்தில் குட்டை மீசை, தம்மாத்துண்டு கண், மணல் நிறத் தோல், தலைக்குப் பின்னால் தொடங்கி உடம்பு நெடுக ஓடும் மேடுகள் எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்தாள். வாசலை மட்டும் மறுபடி அளக்கவில்லை.

திறப்புவிழாவுக்கு முந்தின நாள் லாரி வந்தது. நான்கு பேர் சுறாவைத் தூக்கினார்கள். தலை வாசலைத் தாண்டியது, வால் சுவரில் முட்டியது. திருப்பினார்கள், தலை முட்டியது. சாய்த்தும் கவிழ்த்தும் பார்த்தாகிவிட்டது.

"பாறை இடுக்குல நுழையற சாதி. நம்ம வாசல்ல நுழைய மாட்டேங்குது" என்றார் மாமனார். யாரும் சிரிக்கவில்லை.

லாரியோடு வந்திருந்த காட்சிக்கூடக் கண்காணிப்பாளர் கடிகாரத்தைப் பார்த்தார். "ஏம்மா, வாலை அறுத்துடுங்க. அங்க வந்து ஒட்டிக்கலாம்."

"ஒட்டுப்போட்ட இடம் தட்டும் சார். தலையில கைய வச்சா வால் வரைக்கும் ஒரே இழுப்பா போகணும். அதுக்குத்தானே தொட்டுப் பார்க்க வைக்கிறோம்?"

"சாயங்காலத்துக்குள்ள வரலைன்னா கடையில வாங்கின சுறாதான் நடுவுல நிக்கும். நான் என்ன பண்ண?"

அந்தக் கடைச் சுறாவை அவளுக்குத் தெரியும். எந்தக் கடலிலும் இல்லாத சாதி. பல் மட்டும் வண்டி வண்டியாக இருக்கும். அவள் ரம்பத்தைக் கையில் எடுத்தாள். கணவன் வேறு பக்கம் பார்த்தான்.

மாமனார் எழுந்து வந்தார். சுறாவின் தலையில் உள்ளங்கையை வைத்து முதுகு மேட்டின் வழியே வால் நுனிவரை மெதுவாக இழுத்துக்கொண்டே நடந்தார். பூச்சுவேலை முடிந்த சுவரை அவர் அப்படித்தான் தடவிப் பார்ப்பார். பிறகு உள்ளே போனார். திரும்பியபோது கையில் உளியும் சுத்தியலும் இருந்தன.

"மாமா, என்ன செய்யறீங்க?"

"ரம்பத்தைக் கீழ வை. டேய் சின்னவனே, வேடிக்கை பார்க்காம ஜன்னல் கம்பியப் பிடி."

"அப்பா, அந்த ஜன்னலையா?"

"வேற எந்த ஜன்னல் இருக்கு? ஜன்னல் நான் எத்தனை வேணாலும் வைப்பேன். இதுமாதிரி ஒரு பூச்சு என் கைக்கு வந்ததில்ல."

சட்டம் பெயர்ந்தது. பக்கச்சுவரிலும் கொஞ்சம் போனது. தெரு முழுக்க வேடிக்கை பார்க்க, புள்ளிச் சுறா வாலோடு ஜன்னல் வழியே வெயிலுக்கு வந்தது.

மறுநாள் அது கூடத்தின் நடுவில், மணலில் படுத்தபடி இருந்தது. பக்கத்தில் மாமனார் சலவைச் சட்டையில் நின்றுகொண்டு, முன்பின் தெரியாதவர்களையெல்லாம் நிறுத்தி, "தலையிலேர்ந்து இழுங்க. எங்கயாவது தட்டுதா? எங்க வீட்டுச் சரக்கு" என்றார்.

முன்னறையில் ஜன்னல் இருந்த இடத்தில் இன்னும் தார்ப்பாய்தான் தொங்குகிறது. மழைச்சாரல் அடிக்கிறது என்று சின்னவர் முணுமுணுத்தால் மாமனார் மருமகளைக் கைகாட்டுகிறார்.

"அடுத்து என்ன மீனுன்னு அவ சொல்லட்டும். அதுக்குத் தக்கமாதிரி வைக்கிறேன்."