கருநாக்கு உத்தியோகம்

நோர்வேயில் என் வேலைநாள் தொடங்குவதே, "இன்றைக்கு எப்படியெல்லாம் ஆள் சாகலாம்?" என்ற கேள்வியோடுதான். கேட்பவர் இங்கெர், பொறியியல் ஆபத்துகளை முன்கூட்டியே கணிப்பதில் பெரிய கெட்டிக்காரி. புரூனொஸ்ட் என்கிற மண்ணிறப் பாற்கட்டியைப் பாணில் சீவி வைத்தபடி, மழை வருமா என்று விசாரிப்பதுபோல விசாரிப்பார். பக்கத்துக் கதிரையில் ஒட்வார், ஆயுதப் பரிசோதனைக் களங்களிலேயே தலை நரைத்தவர். மூன்றாமவன் நான். ஓட்டுநர் இல்லாமல் தாமே ஓடும் இயந்திரங்கள் யாரையும் இடித்துவிடாமல் பார்ப்பது என் பொறுப்பு. சொந்தக் காரைப் பின்னுக்கு எடுத்தால் மதிலில் முட்டுகிற ஒருவனை நம்பி இதை ஒப்படைத்திருக்கிறார்கள். மூவரும் முறைவைத்துக் கெட்டதைச் சொல்லுவோம். ஆகக் கெட்டதைச் சொன்னவருக்கு அன்று மரியாதை.

இதே வாய்க்குத் திருகோணமலையில் அடிதான் கிடைத்தது. சின்ன வயதில் மூதூருக்குப் போகும் லோஞ்சுப் படகில் ஏறும்போது, "அம்மா, இது நடுவில கவிண்டால்?" என்று கேட்டேன். கொட்டியாரக்குடா அன்று எண்ணெய் ஊற்றிய மாதிரி அசையாமல் கிடந்தது. அம்மா வாயிலேயே போட்டார். "கருநாக்கு! வெளிக்கிடேக்க கேக்கிற கேள்வியே இது?" கருநாக்குக்காரன் சொன்னது பலிக்கும் என்பது எங்கள் நம்பிக்கை. அப்படிக் கெட்டதைச் சொல்வதற்கே மாதச் சம்பளம் தரும் நாடும் உலகத்தில் இருக்கிறது என்று பாவம், அம்மாவுக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

அந்த இரண்டு நாடுகளும் இந்த வருடம் ஒரே மேசைக்கு வந்து சேர்ந்தன. ஆளில்லாமல் ஓடும் காவற்படகு ஒன்றைத் திருகோணமலை உள்துறைமுகத்தில் ஓட்டிப் பார்க்க ஒரு கம்பெனி கொண்டுவந்தது. பாதுகாப்பானதுதானா என்று பார்த்துச் சொல்ல எங்கள் மூவரையும் அனுப்பினார்கள். வாசற்காவலர் என் கழுத்து அட்டையில் இருந்த 'வெளிநாட்டு நிபுணர்' என்பதைப் பார்த்து ஆங்கிலத்தில் வரவேற்றார். நான் தமிழில் பதில் சொன்னேன். அவர் மீண்டும் ஆங்கிலத்திலேயே வழி காட்டினார். பிறந்த ஊரில் வழி தெரியாதவனாக நடப்பதற்கும் ஒரு பயிற்சி வேண்டும்.

முதல்நாள் மீனவர் சங்கத்தோடு கூட்டம். புதுப் படகு இறக்கும் சடங்குக்கென்று மூலையில் தேங்காயும் வாழைப்பழச் சீப்பும் வைத்திருந்தார்கள். இங்கெர் கேட்டார், நான் மொழிபெயர்த்தேன்: "இந்தப் படகால் உங்களுக்கு என்ன கெடுதல் வரலாம்?"

சங்கத் தலைவர் நசீர் நானா, கிண்ணியாக்காரர், சிரித்தார். "ஒண்டும் வராது தம்பி. அல்லாஹ் காப்பான்."

"ஓம், சோக்கான போட். ஒரு பிரச்சினையும் இல்லை," என்றான் யோகன். அவன் என் தங்கை சுதாவின் புருசன்.

துறைமுகத்தைப் பயன்படுத்துபவர்கள் ஆபத்து எதையும் காணவில்லை என்று இங்கெர் எழுதிக்கொண்டார். ஒட்வார் மேசைப்பலகையை முட்டியால் தட்டி, "பாங்க் இ பூரெ" என்றார். நல்லது கெடாமல் இருக்க மரத்தைத் தட்டுவது அவர்கள் வழக்கம். ஏவுகணைகளையே சோதித்த மனிதர், ஒருநாளும் தட்டாமல் விட்டதில்லை.

பின்னேரம் தங்கை வீட்டில் புட்டும் கணவாய்க் கறியும். கூட்டத்தில் ஒருவருமே கெட்டதைச் சொல்லாததில் எனக்கென்னவோ இருப்புக் கொள்ளவில்லை.

"கணவாய் எங்க பிடிச்சது?" என்றேன்.

"உள்துறைமுகத்திலதான்," என்றான் யோகன். "எங்கட போட் எஞ்சின் பழுது மச்சான். ரெஜிபோமில இருந்துதான் பிடிக்கிறன்."

மீன்பெட்டி செய்கிற வெள்ளை ரெஜிபோம் நுரைக்கட்டிகளை வலையால் சுற்றிக் கட்டிய மிதவை அது. ஒருவர் குந்தியிருக்கலாம். புட்டுத் தட்டைத் தள்ளி வைத்தேன். ராடருக்கு ரெஜிபோம் காற்று மாதிரி, தெரியவே தெரியாது. படகின் கமராவுக்கோ அப்படியொரு மிதவையை யாரும் காட்டிப் பழக்கியதில்லை.

"இதைக் கூட்டத்தில சொல்லியிருக்கலாமே?"

"புதுப் போட் இறக்கிற நாளையில, உது என்னைக் கொல்லுமெண்டு சொல்லச் சொல்லுறியளோ? நாங்கள் விலத்திப் போவம்."

"துடுப்பாலயோ?"

"பின்னை, உங்கட டிகிரியாலயோ?"

காலையில் இங்கெரிடம் சொன்னேன். "நான் கேட்டேனே!" என்றார். கேட்டீர்கள், அவர்கள் உங்கள் படகு நன்றாக ஓட வேண்டுமென்று வாழ்த்தினார்கள், நாம் அதைச் சாட்சியமாக எழுதிக்கொண்டோம் என்றேன். முந்திய நாள் எழுதியதைக் குறுக்கே கோடிழுத்து வெட்டினார். அம்மாவிடம் அடி வாங்கிய நானே அந்த வாழ்த்தைச் சரியாக மொழிபெயர்க்காமல் வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தேன் என்பதை அவருக்குச் சொல்லவில்லை.

மிதவையில் பொம்மை வைத்து ஓட்டிப் பார்ப்போம் என்றார் ஒட்வார். வெப்பத்தைக் காணும் கமரா இருப்பதால் பொம்மைக்கு மனிதச் சூடும் வேண்டும். தும்பு அடைத்த சாக்குக்குள் வைக்கச் சுதா போத்தல்களில் சுடுதண்ணீர் நிரப்பித் தந்தாள். யோகனின் சட்டை ஒன்றைக் கேட்டதும் அவள் முகம் மாறியது.

"உயிரோட இருக்கிற மனுசனுக்கு உருவம் செய்து கடலில விடுறதோ? உங்கட சட்டையைப் போடுங்கோ அண்ணா. நீங்கள் வெளிநாட்டாள்தானே, உங்களுக்கு ஒண்டும் பலிக்காது."

என் நீலச் சட்டையைப் பொம்மைக்குப் போட்டோம். கழுத்து அட்டையையும் யோகன் அதற்கே மாட்டிவிட்டான். "இப்ப முறையான நிபுணர். வாயும் திறக்கமாட்டார்."

மற்றத் தோணிகளை எல்லாம் கரையில் நிறுத்தி, பொம்மையை மிதவையில் இருத்தித் தள்ளிவிட்டுப் படகை விட்டார்கள். ஒட்வார் மரத்தைத் தட்டினார். படகின் கண்ணுக்குத் தெரிவதைக் காட்டும் திரையில் என் சட்டையைச் சுற்றி ஒரு சின்னச் சதுரம் விழுந்தது. 'மிதக்கும் குப்பை' என்று எழுதியது. படகு வேகம் குறைக்கவேயில்லை. வெள்ளைத் துகள்கள் துள்ளியெழுந்து துறைமுகத் தண்ணீரில் பரவின. திருகோணமலையில் நான் கண்ட முதற்பனி அதுதான்.

என் சட்டைக்கை ஒன்று தனியே மிதந்து வந்தது. யோகன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். படகுக்கு அனுமதியில்லை என்று மூவரும் கையெழுத்திட்டோம். திருத்திக் கொண்டுவர மாதக்கணக்காகும் என்று கம்பெனிக்காரர் புறுபுறுத்தார். "மொத நாளே வாய் வெச்சிட்டீங்களே தம்பி," என்றார் நசீர் நானா. அது பகிடியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

புறப்படும் நாள் காலை, யோகன் புது மிதவையோடு இறங்குதுறைக்கு வந்தான். அந்தப் படகு போனாலும் துறைமுகத்தில் வேறு படகுகள் ஓடாமலா இருக்கின்றன? மிதப்புச் சட்டையைத் தோளில் துவாய் மாதிரிப் போட்டிருந்தான். சுதா என் முழங்கையைச் சுரண்டினாள்.

"அதைப் போடச் சொல்லுங்கோ அண்ணா. வெளிக்கிடுகிற ஆளுக்கு நான் வாய் திறக்க ஏலாது. உங்கட நாக்கு ஏற்கெனவே கறுப்புத்தானே."

நான் தொடங்கினேன். "யோகன்! பெரிய போட் அலையில மிதவை பிரண்டால்? கால் வலையில சிக்கினால்? கயிறு அறுந்தால்?"

"போதும் மச்சான், போடுறன்!"

போட்டான். துடுப்பை வலித்தான். வலது கை விரல் மடக்கி நான் இன்னும் கெட்டதையே சொல்லிக்கொண்டு நின்றேன். முதுகுக்குப் பின்னால் இடது கை, சுதாவுக்குக் கேட்காமல், இறங்குதுறையின் மரத்தூணைத் தட்டிக்கொண்டிருந்தது.