கண்ணாடிமேல் விட்ட குஞ்சு

என் அக்கா டோரே, நெடுஞ்சாலையிலுள்ள பழைய பாலத்தில் வேகவைத்த கடலையும் காடை முட்டையும் விற்றாள். மணிலா பேருந்துகள் அங்கே மணிக்கணக்கில் நிற்கும். நெரிசல்தான் அவளுக்குச் சோறு. ஆனால் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் போதும், கூடையைக் கீழே வைத்துவிட்டு அதற்கு முன்னால் ஓடுவாள். வண்டிகளின் பக்கவாட்டில் அறைந்து, ஓட்டுநர்களைத் திட்டி, வழி பிரிப்பாள். யாரும் அவளுக்கு அந்த வேலையைக் கொடுக்கவில்லை.

ஆற்றின் குறுக்கே புதுப் பாலமும் அதற்கான சாலையும் வருகிறது என்றபோது விற்பனைக்காரர்கள் எல்லாரும் புலம்பினார்கள். அவளோடு சிச்சரோன் என்ற பன்றித்தோல் வறுவல் விற்ற பினா கேலி செய்தாள்.

"பாலம் வந்துட்டா உன் கடலைய மீன்தான்டி வாங்கும்."

"வாங்கட்டுமே. மீன் கடன் சொல்லாது."

அணுகுசாலைக்கு அக்காவின் வீடு போனது. பக்கத்து வீட்டார் வழக்குப் போட்டார்கள். அவள் போடவில்லை. "நாம இழுத்தடிச்சா பாலமும்ல இழுக்கும்" என்று சொல்லிவிட்டு, தகரக் கூரையைக் கழற்றிக்கொண்டு மேட்டு நிலத்துக்குக் குடிபோனாள். முதல் தூண் நட்ட அன்று, பாலம் உயிர் கேட்கக்கூடாது என்று வழக்கப்படி கோழி அறுத்து ரத்தம் ஊற்றினார்கள். கோழி கொடுத்ததும் அவள்தான்.

ஈஸ்டரை ஒட்டிய புனித வாரத்துக்கு முன்பே பாலம் முடிந்தது. கோடு போட்டாயிற்று, விளக்கு எரிந்தது. மேயரின் முகம் போட்ட பதாகைகள் இரண்டு கரையிலும் சிரித்தன. ஆனால் பாலத்தின் வாயில் கான்கிரீட் தடுப்பு. ரிப்பன் வெட்ட மணிலாவிலிருந்து வரவேண்டிய பெரிய மனிதருக்குத் தேதி கிடைக்கவில்லையாம். கோடை போனது, மழையும் வந்தது. தடுப்பு அப்படியே இருந்தது.

ஜூன் மாதத்தில் ஒரு காலை, கடலை வடித்துக்கொண்டிருந்த அக்கா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாள். மருத்துவமனை அக்கரையில். ஊர் ஆம்புலன்ஸ் வந்தது. அதன் கதவிலும் மேயர் சிரித்தார். அத்தான் நார்சிங் ஓட்டுநரிடம் புதுப் பாலத்துக்கு விடச் சொன்னார்.

தடுப்பருகே இருந்த காவலாளி மழையில் நனைந்துகொண்டே வந்தான். "உத்தரவு இல்லண்ணே. தடுப்ப நகர்த்தினா என் வேலை போயிரும்."

"ஆள் போயிட்டிருக்குய்யா."

அவன் யார் யாருக்கோ போன் போட்டான். ஒருவரும் எடுக்கவில்லை. அவனை நான் குறை சொல்ல மாட்டேன். போனை எடுக்காதவர்களைச் சொல்கிறேன். வண்டி திரும்பிப் பழைய பாலத்துக்கு வந்தது. உள்ளே இருப்பது யார் என்று தெரிந்ததும் பினா கூடையை வீசிவிட்டு முன்னால் ஓடினாள், பேருந்துகளை அறைந்துகொண்டே. பாலத்தின் நடுவில், நெருக்கியடித்து நின்ற லாரிகளுக்கு இடையில், அக்காவின் மூச்சு நின்றது.

எங்கள் பக்கம் கொலையானவர்களின் சவப்பெட்டிக் கண்ணாடிமேல் உயிருள்ள கோழிக்குஞ்சு ஒன்றை விடுவார்கள். அது கொத்தக் கொத்தக் கொன்றவனின் நெஞ்சு குத்துமாம். உடலருகே விழித்திருந்து காத்த இரண்டாம் நாள் பினா ஒரு மஞ்சள் குஞ்சைக் கொண்டுவந்து அக்காவின் முகத்துக்கு நேராக விட்டாள்.

அத்தான் திகைத்தார். "கொலையா நடந்திருக்கு, பினா?"

"பின்ன, மழைல கரைஞ்சா செத்தா?"

அவர் குஞ்சுக்கு அரிசி போட்டார்.

அன்று மாலை மேயர் வந்தார். அவர் கொண்டுவந்த மலர்வளையத்தில் அக்காவின் பெயரைவிட அவர் பெயர் பெரிதாக இருந்தது. முகம் பார்க்கக் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். குஞ்சு டொக் டொக்கென்று கண்ணாடியைக் கொத்தியது. தூக்கம் வராமலிருக்கச் சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் சீட்டைக் கவிழ்த்து வைத்தார்கள்.

"இத யாரு வெச்சது? இது கொலைக்கு வைக்கிறதாச்சே."

"தெரிஞ்சுதான் வெச்சேன், மேயர்" என்றாள் பினா.

மேயர் அத்தானின் தோளில் கை போட்டார். "மனசுல எதுவும் வெச்சுக்காதீங்க. அடக்கத்தன்னிக்கு ஊர்வலம் புதுப் பாலத்துலயே போகட்டும். நானே தடுப்ப எடுக்கச் சொல்றேன்."

அத்தான் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு மெல்லக் கேட்டார்.

"நீங்க சொன்னா எடுப்பாங்களா?"

மேயர் தலையாட்டினார்.

"அப்போ ஒரு போன்தான். இல்லையா?"

"அது... சிறப்பு அனுமதி..."

"வேண்டாம் மேயர். அவ பழசுலயே போகட்டும்."

அப்படியே போனாள். நாங்கள் பெட்டிக்குப் பின்னால் நடந்தோம். முன்னால் விற்பனைக்காரர்கள் ஓடினார்கள், வண்டிகளைத் தட்டி வழி பிரித்துக்கொண்டு. வலது கைப்புறம் சற்றுத் தள்ளி, ஈரமாய் மினுங்கிக்கொண்டு ஒரு சக்கரமும் படாத புதுப் பாலம் கிடந்தது.

ஆகஸ்டில் ரிப்பன் வெட்டினார்கள். மக்களின் பொறுமைக்கு மேடையில் நன்றி சொன்னார்களாம். நான் போகவில்லை. குஞ்சு என்னிடம்தான் வளர்கிறது, சேவலாகிவிட்டது. மேயர் வீட்டு வேலிவரை போய்க் கூவிவிட்டு வருகிறது. நான் அதைக் கட்டிப்போடுவதில்லை.