பதினொன்று முப்பத்தொன்றுக்கு இறங்கும் சுரங்க வண்டி

சுரங்கம் காட்டுகிற தொழிலில் சுரங்கத்தைக் காட்டுவது சுலபம். வந்தவர்களை அதற்குள் இறக்குவதுதான் பாடு. கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ பத்துப் பேரை ஒரே வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் அனுபவித்தவர்களுக்கு நான் அதிகம் விளக்கத் தேவையில்லை.

மெல்பேர்னிலிருந்து இரண்டு மணித்தியால ஓட்டத்தில் ஒரு பழைய நிலக்கரி ஊர் இருக்கிறது. வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளர்கள் கப்பலேறி வந்து குடியேறி, விட்டு வந்த கிராமங்களின் பெயர்களையே தெருக்களுக்கு வைத்த ஊர். சுரங்கம் மூடிப் பல வருஷம். இப்போது ஊர்த் தொண்டர்கள் அதை அருங்காட்சியகமாக நடத்துகிறார்கள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை அங்கே தமிழில் சுற்றிக் காட்டுகிறவன் நான். மற்ற நாட்களில் பார்சல் விநியோகம். பெட்டியை வாசலில் வைத்துப் படமெடுத்துவிட்டு ஓடுகிறவனோடு யார் பேசுகிறார்கள்? யாழ்ப்பாணத்திலிருந்து படகில் வந்து, தற்காலிக விசாவில் காலம் தள்ளுகிற என்னை நாலு பேர் நின்று கேட்பது அந்தச் சனிக்கிழமையில்தான். அதை இழக்க எனக்கு மனம் வரவில்லை.

இரண்டு அறை வீடு

முதல் பயணத்துக்குப் பெயர் கொடுத்தவர்கள் பன்னிரண்டு பேர். வந்தவர்கள் ஏழு. மிச்சப் பேர் மெல்பேர்ன் புறநகரான கிரான்பர்னில், பிள்ளை பெரியவளான ஒரு சாமத்திய வீட்டுக்குப் போய்விட்டார்கள். பன்னிரண்டு பேர் இல்லாவிட்டால் கீழே போகும் வண்டி ஓடாது என்பது தொண்டர்களின் விதி. அதனால் தரைக்கு மேலே இருப்பதைத்தான் காட்டினேன். பெரிய சக்கரம் வைத்த இரும்புக் கோபுரம், வேல்ஸ்காரர்களின் பாட்டுக் குழு மண்டபம், கடைசியாகத் தொழிலாளர் வீடுகள்.

"இதில் தாய், தகப்பன், ஒன்பது பிள்ளைகள். தகப்பன் கரி அப்பிய உடம்போடு வந்து அடுப்புக்கு முன்னால் தகரத் தொட்டியில் குளிப்பார்" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னேன். இன்னொரு புறநகரான ரோவிலில் இருந்து வந்த அங்கிள் ஒருவர் சுவரைத் தட்டிப் பார்த்தார். பின்வளவு நிலத்தை எட்டிப் பார்த்தார். பிறகு என் காதடியில் வந்து கேட்டார்: "தம்பி, இதை இடிச்சுப்போட்டு ரெண்டு யூனிட் வீடு கட்டலாமே, கவுன்சில் விடுமோ?"

வாசலில் செருப்புகள்

இரண்டாவது பயணத்தில் ஒன்பது பேர். அன்றைக்குக் கிரிக்கெட். மறுபடியும் மேலேயே சுற்றினோம். வேல்ஸ்காரர்கள் கட்டிய சின்னத் தேவாலயத்தின் சாவி மேகன் என்ற அம்மாவிடம் இருக்கிறது. எழுபது வயது. சுற்றுலாப் பொறுப்பு அவருடையது. அவருடைய தகப்பனார் அந்தச் சுரங்கத்தில் கரி வெட்டியவர். மேகன் கதவைத் திறந்ததும் எங்கள் ஆட்கள் ஒருவர் விடாமல் செருப்பைக் கழற்றினார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. வரிசையாக நனையும் செருப்புகளைப் பார்த்த மேகன், தன் சப்பாத்தையும் கழற்றி அந்த வரிசையில் வைத்தார்.

உள்ளே சுவரில் வேல்ஸ் மொழியில் ஒரு வாசகம். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டோம். "அப்பாவுக்குத் தெரியும். எனக்கு வாசிக்க வராது" என்றார் மேகன். அதை நான் பரமேஸ் அன்ரிக்குத் தமிழில் சொன்னேன். அன்ரி கிரான்பர்ன்காரி; மற்றச் சனிக்கிழமைகளில் பேரப்பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போகிறவர். மேகனை மிகுந்த அனுதாபத்தோடு பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "அப்ப இந்த ஆக்கள் சனிக்கிழமைப் பள்ளிக்கூடம் ஒண்டும் வைக்கேல்லையோ?"

பன்னிரண்டாவது ஆள்

அன்று நாங்கள் புறப்படும்போது மேகன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மூன்றாவது தரமும் வண்டி இறங்காவிட்டால் தமிழ்ச் சுற்றுலாவை நிறுத்திவிடுவார்களாம். அடுத்த மாதம் ஒவ்வொருவருக்கும் மூன்று தரம் போன் எடுத்தேன். நாட்காட்டியில் சனிக்கிழமை ராகுகாலம் ஒன்பது முதல் பத்தரை என்று பார்த்து, பதினொரு மணிக்கு வண்டியைப் பதிவு செய்தேன். சரியாகப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். பதினொரு பேர் தலைக்கவசம் மாட்டி வண்டியில் ஏறினார்கள். பரமேஸ் அன்ரி ஏறவில்லை.

"ஆன்ட்டி, ராகுகாலம் பத்தரைக்கே முடிஞ்சிருச்சு, ஏறுங்க" என்றார் செந்தில். கோயம்புத்தூர்க்காரர், கணினி வேலை.

"அது ஊர்க் கணக்கு தம்பி. இஞ்ச இப்ப டேலைட் சேவிங் எல்லோ. மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளினா சூரியனும் தள்ளுமோ? பதினொண்டரை வரைக்கும் ராகுகாலம். நிலத்துக்குக் கீழ போற விஷயம், நான் பதினொண்டரைக்குப் பிறகு வாறன்."

கோடையில் இங்கே மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளிவைப்பார்கள்; அன்ரியின் கணக்கில் பிழையே இல்லை. அதுதான் எனக்குக் கூடுதல் ஆத்திரம். பன்னிரண்டு மணிக்கு அதே வண்டிக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வருகிறார்கள். மேகன் வந்து என்ன தாமதம் என்று கேட்டார். வேறு வழியில்லாமல், வெட்கத்தோடு ராகுகாலத்தை விளக்கினேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை.

"அப்பா விடியற்காலையில் வேலைக்குப் போகும்போது எதிரே ஒரு பெண் வந்தால் வீட்டுக்குத் திரும்பிவிடுவார். அன்றைய கூலி போகும். கீழே யாரும் விசிலடிக்கவும் விடமாட்டார்" என்றார். அதை நான் பரமேஸ் அன்ரிக்குத் தமிழில் சொன்னேன். நேரம் போவதற்காக மேகன், வழக்கமாகக் கடைசியில் காட்டுகிற விளக்கு அறையை முதலில் காட்டினார். பதினொன்று முப்பத்தொன்றுக்குப் பரமேஸ் அன்ரி வலது காலை எடுத்து வைத்து ஏறினார். வண்டி இருட்டுக்குள் இறங்கியது. தலைக்கவசங்களில் எரிந்த அந்தப் பன்னிரண்டு விளக்குகளையும் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. கீழே செந்தில் எதிரொலி கேட்பதற்காக ஒரு விசில் அடித்தார். அன்ரி அவர் கையில் ஒரு தட்டுத் தட்டினார்: "வாயை மூடும் தம்பி, அது வேல்ஸ் ஆக்களின்ர ராகுகாலம்."

ஏப்ரலில் ஒரு போன்

தமிழ்ச் சுற்றுலா தப்பியது. அறிவிப்புப் பலகையில் எங்கள் நேரம் 11.31 என்றே எழுதப்பட்டது. மற்றத் தொண்டர்கள் காரணம் கேட்டால் மேகனே விளக்குகிறார். ஏப்ரலில் ஒரு நாள் நான் பார்சலும் கையுமாக நிற்கும்போது அவரிடமிருந்து போன்: "இந்த ஞாயிறு மணிக்கூட்டைப் பின்னால் வைக்கிறோம், உங்கள் ஆட்களை இனிப் பத்து முப்பத்தொன்றுக்கு இறக்கட்டுமா?"

வேல்ஸ்காரரோ யாழ்ப்பாணத்தாரோ, மேலே நின்று நேரமும் சகுனமும் பார்க்காமல் ஒருத்தரும் கீழே இறங்குவதில்லை என்பதுதான் இந்தத் தொழிலில் நான் படித்த சுரங்கவியல்.